பாலித் தீவுக்குப் போகிறவர்களும் அங்கேயே தங்கப் பார்க்கிறவர்களும் கேட்கும் கேள்விகள்

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்களை மனதில் வைத்து எழுதிய கேள்வி-பதில் இது. ஒரு வாரச் சுற்றுலாவுக்குப் போகிறவர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளலாம். மாதக்கணக்கில் தங்க நினைப்பவருக்குப் பின்பாதிதான் முக்கியம். தெருவுக்குத் தெரு கோயில், வாசலில் பூ, தென்னை, நெல்வயல், இடப்பக்கம் ஓடும் வண்டி எல்லாம் பார்த்ததும் ‘நம்ம ஊர் மாதிரிதானே’ என்று தோன்றும். நம்மவர்கள் அங்கே மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்த நினைப்பால்தான்.

விசா முன்கூட்டியே எடுக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. இந்தியர்களுக்கு வருகை விசா உண்டு. கட்டணம் 5,00,000 ருபியா, 30 நாள் செல்லும், ஒரே ஒரு முறை இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். டென்பசார் ஙுரா ராய் விமான நிலையத்தில் இறங்கியும் வாங்கலாம், குடிவரவுத் துறையின் இணையதளத்தில் முன்பே கட்டி மின்விசாவாகவும் எடுக்கலாம். இரண்டாவதே நல்லது, ஒரு வரிசை மிச்சம். ஆனால் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் ஏஜென்ட் தளம். அரசுத் தளம் போலவே இருக்கும், இரண்டு மடங்கு பிடுங்கும். முகவரியில் ‘imigrasi.go.id’ என்ற முடிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்டை எண்ணைத் தட்டுங்கள்.

இதோடு இன்னும் இரண்டு வேலை. ஒன்று, ‘ஆல் இந்தோனேசியா’ என்ற வருகைப் படிவம். சுங்கம், சுகாதாரம், குடிவரவு மூன்றுக்கும் சேர்த்து ஒன்றுதான், இலவசம், இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். இன்னொன்று, 2024 பிப்ரவரி 14 முதல் பாலி மாகாண அரசு வாங்கும் சுற்றுலா வரி: தலைக்கு 1,50,000 ருபியா, குழந்தைக்கும் அதே. ‘லவ் பாலி’ தளத்தில் கட்டி வரும் க்யூஆர் குறியீட்டைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு விசாவே வேண்டாம், 30 நாள் இலவசம். ஆனால் அதை நீட்டிக்க முடியாது.

பாஸ்போர்ட்டில் என்ன பார்ப்பார்கள்?

இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும், திரும்பும் டிக்கெட்டோ வேறு நாட்டுக்குப் போகும் டிக்கெட்டோ கையில் இருக்க வேண்டும். இது பலருக்கும் தெரியும். தெரியாதது: கிழிந்த, நனைந்து உப்பிய, தையல் விட்ட பாஸ்போர்ட்டைப் பாலியில் ஏற்க மாட்டார்கள். பக்க ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசலுக்காகச் செக்-இன் கவுன்டரிலேயே திருப்பி அனுப்புவதும் உண்டு. சட்டைப் பையோடு துவைத்து எடுத்த பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ‘பார்த்துக்கலாம்’ என்று கிளம்ப வேண்டாம், புதுப்பித்துவிட்டுப் போங்கள்.

சென்னையிலிருந்து எப்படிப் போவது?

வழக்கம் சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழி. பெங்களூரு போய் நேரடி விமானம் பிடிப்பவர்களும் உண்டு. மலிவுக்காக இரண்டு தனித்தனி டிக்கெட் எடுக்கும்போது கவனம். பெட்டியைக் கடைசி ஊர் வரை பதிவு செய்ய மாட்டார்கள். நடுவில் இறங்கிப் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும். சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா தேவை. மூவாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் முழு டிக்கெட்டும் போவது இப்படித்தான். பாலி நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை உலர்காலம், நவம்பர் முதல் மார்ச் வரை மழை. மழைக்காலத்தில் அறை மலிவு, மழையும் நாள் முழுக்கப் பெய்யாது. ஆனால் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மேற்குக் காற்று குத்தா, ஜிம்பாரன் கரைகளில் பிளாஸ்டிக் குப்பையை ஒதுக்கித் தள்ளும். அப்போது கடற்கரைக்காகப் போகிறவர் கிழக்கே சனூர் பக்கம் தங்குவது மேல். ஜூலை, ஆகஸ்ட், கிறிஸ்துமஸ் வாரம் மூன்றும் கூட்டம், விலை ஏற்றம்.

மார்ச்சில் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வானிலையை அல்ல, ஞெப்பி நாளை.

ஞெப்பி என்றால் என்ன? அன்று என்ன நடக்கும்?

பாலியின் சக ஆண்டுப் பிறப்பு. 2025-இல் மார்ச் 29, 2026-இல் மார்ச் 19 என்று அமாவாசையை ஒட்டி நகரும், யுகாதிக்கு அக்கம்பக்கத்தில் வரும். காலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 6 மணி வரை தீவு முழுக்க அசையாது. தீ மூட்டக் கூடாது, வேலை செய்யக் கூடாது, வெளியே போகக் கூடாது, கேளிக்கை கூடாது. இந்த நான்கும் பக்தருக்கு மட்டுமல்ல, தீவில் இருக்கும் எல்லோருக்கும். விமான நிலையம் 24 மணி நேரம் மூடல், துறைமுகம் மூடல், கடை இல்லை, மொபைல் இணையத்தையும் நிறுத்திவிடுவார்கள். ஓட்டலுக்குள் நடமாடலாம், சமையலறை இயங்கும், ஆனால் வெளிச்சம் தெரியாமல் திரையை இழுத்துவிடச் சொல்வார்கள். தெருவில் தலை தெரிந்தால் பெச்சாலாங் என்ற ஊர்க்காவலர் வந்து உள்ளே அனுப்புவார். ஆம்புலன்சுக்கும் அவசர மருத்துவத்துக்கும் மட்டும் விலக்கு.

தனி வீட்டிலோ வாடகை அறையிலோ இருப்பவர் முதல் நாள் மதியத்துக்குள் சாப்பாடு, தண்ணீர், பால், மருந்து, கையில் பணம் எல்லாம் எடுத்து வைத்துவிட வேண்டும். மாலையில் ஓகோ-ஓகோ எனும் பிரம்மாண்டப் பூதப் பொம்மைகளின் ஊர்வலம் கிளம்பும். தெருவெல்லாம் அடைப்பு, கடைகள் அதற்கு முன்பே சாத்திவிடும். அந்த இரவின் வானத்தைப் பார்க்கவே ஞெப்பிக்கு வருகிறவர்கள் உண்டு. ஒரு தீவு முழுக்க விளக்கணைந்தால் எத்தனை நட்சத்திரம் என்பதை மொட்டை மாடியில் படுத்துப் பார்க்கலாம், டார்ச் அடிக்காமல் இருந்தால்.

பணம் எப்படிக் கொண்டுபோவது? எத்தனை சைபர் என்றே புரியவில்லையே?

சமீப காலத்தில் ஒரு இந்திய ரூபாய்க்கு 180–190 ருபியா சொச்சம். மனக்கணக்குக்கு மூன்று சைபரை வெட்டி ஐந்தால் பெருக்கிக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் ருபியா என்றால் 100 × 5 = 500, கூட்டினால் 530 ரூபாய் வாக்கில். ஆயிரத்துக்கு ரிபு, பத்து லட்சத்துக்கு ஜுத்தா. மெனுவில் வெறும் 35 என்று இருந்தால் 35,000. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் வரியும் சேவைக் கட்டணமும் தனி. பில்லில் 15 முதல் 21 சதவீதம் ஏறும்.

நோட்டில் சிவப்பு ஒரு லட்சம், நீலம் ஐம்பதாயிரம், பச்சை இருபதாயிரம், ஊதா பத்தாயிரம். மங்கலான வெளிச்சத்தில் நிறத்தை நம்பாமல் சைபரை எண்ணுங்கள்.

இந்திய ரூபாயை அங்கே மாற்றினால் நஷ்டம். மடிப்பில்லாத 100 டாலர் நோட்டு, அல்லது ஏடிஎம். பணம் மாற்றும் கடையில் ஏமாற்றுவது ஒரு கலை. பலகையில் ஊரைவிட நல்ல ரேட் எழுதியிருக்கும், கடை ஒரு சந்துக்குள், துணிக்கடைக்குப் பின்னால் இருக்கும். உங்கள் முன் இருபதாயிர நோட்டுகளாக எண்ணுவார், அதுவும் சிறுசிறு கட்டுகளாக. நீங்களும் எண்ணுவீர்கள், சரியாக இருக்கும். ‘இன்னொரு தடவை பார்க்கிறேன்’ என்று வாங்கித் திரும்பத் தரும்போது ஏழெட்டு நோட்டு மேசைக்கு அடியில் விழுந்திருக்கும். நீங்கள் எண்ணி முடித்தபின் நோட்டு அவர் கைக்குத் திரும்பப் போகவே கூடாது. போனால் மறுபடி எண்ணுங்கள், முடியாது என்றால் டாலரைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். இந்தோனேசிய மத்திய வங்கியின் உரிமம் பெற்ற கடைகளில் அதற்கான முத்திரைப் பலகை இருக்கும், கண்ணாடிக் கதவு இருக்கும், கணினி ரசீது தருவார்கள்.

ஏடிஎம்மில் ஒரு விஷயம். அங்கே பல இயந்திரங்கள் முதலில் பணத்தைத் தரும், அட்டை கடைசியில்தான் வரும். பணத்தை எடுத்ததும் திரும்பி நடக்கும் பழக்கத்தில் அட்டையை விட்டுவிட்டு வருகிறவர்கள் தினமும் உண்டு. வங்கிக் கிளைக்குள் இருக்கும் இயந்திரமாகப் பாருங்கள், அட்டை மாட்டினால் கேட்கவாவது ஆள் இருக்கும்.

எல்லாக் கடையிலும் க்யூரிஸ் என்ற குறியீடு தொங்கும். அதற்கு இந்தோனேசிய வங்கிக் கணக்கு வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து வங்கிச் செயலிகள் சிலவற்றிலும் வேலை செய்யும்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா? இந்திய லைசென்ஸ் போதுமா?

போதாது. ஆர்டிஓ-வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுக்க வேண்டும், ஓராண்டு செல்லும். அதில் மோட்டார் சைக்கிள் வகைக்கு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்திய லைசென்ஸில் கார் மட்டும் இருந்தால் அனுமதியிலும் கார் மட்டும்தான் வரும். கடைக்காரர் எதையும் கேட்காமல் சாவியைத் தந்துவிடுவார். போலீஸ் பிடித்தால் அபராதம், அது சின்ன விஷயம். பெரிய விஷயம் காப்பீடு. உரிய லைசென்ஸ் இல்லாமலோ ஹெல்மெட் இல்லாமலோ குடித்துவிட்டோ ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீடு ஒரு பைசா தராது. கால் எலும்பு முறிவுக்குத் தனியார் மருத்துவமனை முன்பணம் கேட்கும்போதுதான் இது புரியும். சில பாலிசிகளில் எஞ்சின் அளவுக்கும் வரம்பு உண்டு, வாங்கும்போதே படித்துவிடுங்கள்.

நாள் வாடகை 110 சிசி வண்டிக்கு எழுபதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் ருபியா வரை, 155 சிசிக்கு ஒன்றரை லட்சம் அளவில். மாதத்துக்கு எடுத்தால் பாதிக்கும் கீழே வரும். பாஸ்போர்ட்டை அடமானமாகத் தர வேண்டாம், நகலும் கொஞ்சம் முன்பணமும் போதும் என்னும் கடை எத்தனையோ இருக்கிறது. எடுக்கும்போது வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ, கீறல்களை நெருக்கத்தில் ஒரு படம். ஸீட்டுக்கு அடியில் எஸ்டிஎன்கே என்ற பதிவுத் தாள் இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள். நிறுத்தும் போலீஸ் முதலில் கேட்பது அதைத்தான்.

இடப்பக்கம் ஓட்டுவது பழக்கம்தான், ஆனால் பாலியில் விழுவதற்கு வேறு காரணங்கள். வளைவுகளில் சிதறிய மணலும் ஜல்லியும், மழை தொடங்கிய முதல் பத்து நிமிஷத்தில் எண்ணெய்ப் பசையோடு வழுக்கும் சாலை, சங்கு என்ற ஊர்ப் பகுதியில் வயல் நடுவே வெட்டிய ஒற்றைக் குறுக்குப் பாதை. எதிரே கார் வந்தால் ஒதுங்கப் போய் வாய்க்காலில் இறங்குவது அங்கே அன்றாடக் காட்சி. புகைக்குழாய் வலப்பக்கம், எனவே இடப்பக்கமாகவே இறங்குங்கள். வலது கெண்டைக்கால் உள்பக்கம் ஐந்து ரூபாய் நாணய அளவில் வட்டத் தழும்போடு ஊர் திரும்புகிறவர்களுக்கு அது எங்கே வாங்கியது என்று சொல்லத் தேவையில்லை.

ஓட்டத் தெரியாதவர் கற்றுக்கொள்ளும் இடம் பாலி அல்ல. கோஜெக், கிராப் என்ற வாடகை வண்டிச் செயலிகள் இரண்டும் மலிவு. சில ஊர்களில் உள்ளூர் ஓட்டுநர்கள் இந்த வண்டிகளை ஆள் ஏற்ற விடமாட்டார்கள், நுழைவில் பலகையே இருக்கும். அங்கே வாக்குவாதம் வேண்டாம், இருநூறு மீட்டர் நடந்து பிரதான சாலையில் ஏறிக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர் சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் ‘இந்துத் தீவு, அதனால் சைவம் கிடைக்கும்’ என்ற கணக்கு தப்பு. பாலியின் பெருமைமிகு விருந்து பாபி குலிங், அதாவது முழுப் பன்றி வறுவல். கோயில் விழாவில் இடம்பெறும் லவார் பொரியலில் இறைச்சியும் சில வகைகளில் ரத்தமும் உண்டு.

உண்மையான வில்லன் தெராசி எனும் இறால் விழுது. கண்ணுக்குத் தெரியாது. சம்பலில் இருக்கும், கீரை வதக்கலில் இருக்கும், பாலி மசாலா விழுதிலேயே கலந்திருக்கும். காய்கறிச் சூப்பு என்றால் கோழி வடித்த நீர். மேலே வைக்கும் அப்பளம் பெரும்பாலும் இறால் அப்பளம். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் காய்தானே என்று தெராசி போட்ட கீரையைச் சிரித்துக்கொண்டே தருவார்கள், ஏமாற்றும் எண்ணம் கிடையாது. ‘டாகிங்’ என்றால் இறைச்சி, பலர் மனதில் அதில் கோழியும் மீனும் சேராது. ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்: ‘ஸாயா திடா மாக்கான் டாகிங், ஆயாம், இக்கான், உடாங், தெலுர், தெராசி’. ஆயாம் கோழி, இக்கான் மீன், உடாங் இறால், தெலுர் முட்டை. ‘தன்பா தெராசி’ என்றால் தெராசி இல்லாமல்.

நம்பிச் சாப்பிடக்கூடியவை: தெம்பே என்ற நொதித்த சோயா கட்டி, தாஹு எனும் டோஃபு, முட்டையும் அப்பளமும் எடுத்துவிடச் சொன்ன காடோ-காடோ, திப்பாத் சந்தோக் எனும் அரிசிக் கட்டியும் காயும் வேர்க்கடலைச் சாறும். கடைசி இரண்டிலும் சாற்றில் தெராசி போடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாருங் எனும் சிறுகடையில் சோறும் நான்கு தொடுகறியும் 25,000–40,000-க்குள் முடிந்துவிடும். சமைத்துக்கொள்கிறவருக்குச் சந்தையில் முருங்கைக்கீரை கெலோர், பச்சைப்பயறு காச்சாங் ஹிஜாவ், புளி அசாம் ஜாவா, மஞ்சள் குஞித் என்ற பெயர்களில் கிடைக்கும்.

மொழி?

இந்தோனேசிய மொழி கற்க எளிது. வினைச்சொல் காலத்துக்கும் ஆளுக்கும் தக்கபடி மாறாது. தமிழ்க் காதுக்குச் சில சொற்கள் சொந்தம் போலவே கேட்கும், தமிழிலிருந்து கடல்வழி போனவைதான்: கப்பலுக்குக் காபால், கடைக்குக் கெடாய், பெட்டிக்குப் பெத்தி. பாலி மக்கள் தமக்குள் பேசுவது வேறு மொழி. அதில் நன்றி ‘சுக்ஸ்மா’. ஓட்டுநரையும் கடைக்காரரையும் ‘ப்ளி’ என்று கூப்பிடுங்கள், நம் அண்ணா. பெண்ணை ‘ம்போ’, நம் அக்கா. வயதானவருக்கு ‘பாக்’, ‘இபு’. வயான், மாடே, ஞோமான், கெதுத் என்ற பெயர்களே திரும்பத் திரும்ப வருவதில் குழப்பம் வேண்டாம், அவை முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம் பிள்ளை என்ற வரிசைப் பெயர்கள். ஐந்தாவது பிறந்தால் மறுபடி வயான்.

நானும் இந்துதான், கோயிலுக்குள் போகலாம் அல்லவா?

வெளிப் பிராகாரம் வரை யாரும் போகலாம். உள் முற்றம் வழிபடுகிறவருக்கு மட்டும். ‘நான் இந்து’ என்று சொல்லி அரைக்கால் சட்டையோடு நுழைவதை அவர்கள் ஏற்பதில்லை, ஏற்கவும் வேண்டியதில்லை. இடுப்பில் கைலி போன்ற காமென், அதன்மேல் ஒரு இடைக்கச்சு, இரண்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் கட்டாயம். வேட்டி கட்டியிருந்தாலும் கச்சு கட்டச் சொல்வார்கள். வழிபட விரும்பினால் பெமாங்கு எனும் பூசாரியிடம் கேளுங்கள். அனுமதித்தால் தரையில் உட்கார்ந்து பூவைக் கைகளுக்கிடையே வைத்துக் கும்பிட வேண்டும். பிறகு தீர்த்தம் தெளிப்பார், நெற்றியில் ஈர அரிசி ஒட்டுவார். பெரும்பாலான சன்னிதிகளில் சிலையைத் தேடாதீர்கள், காலியான கல்லாசனமே இருக்கும். கோயிலின் திருவிழா 210 நாளுக்கு ஒருமுறை வரும்போது தெய்வம் அதில் இறங்குவதாக ஐதீகம்.

மாதவிலக்கு நாட்களிலும், குடும்பத்தில் சாவு விழுந்த நாட்களிலும் நுழையக் கூடாது. நம் தீட்டு போலத்தான், நுழைவாயிலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். வழிபடுகிறவர் முன்னால் குறுக்கே நடப்பது, பூசாரியைவிட உயரத்தில் ஏறி நிற்பது, கோபுரத்தில் காலை வைத்துப் படமெடுப்பது எல்லாம் வம்பு. 2022-இல் தாபானான் பகுதியில் புனித மரத்தில் ஆடையின்றிப் படமெடுத்தவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள்.

தெருவில், கடை வாசலில், ஸ்கூட்டர் மேல்கூடச் சின்ன ஓலைத் தட்டில் பூவும் அரிசியும் ஊதுபத்தியும் இருக்கும், சானாங் சாரி என்று பெயர். மிதிக்காமல் தாண்டாமல் சுற்றிப் போங்கள். ஊதுபத்தி அணைந்தபின் தெரியாமல் கால் பட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். வேண்டுமென்று உதைத்தால் வருவார்கள்.

உடம்புக்கு என்ன வந்தால் கவலைப்பட வேண்டும்?

வயிற்றுப்போக்கு எல்லோருக்கும் ஒருமுறை வரும். மருந்துக்கடையில் ஓராலித் என்று கேட்டால் உப்புச் சர்க்கரைப் பொடி கிடைக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. நடுவில் துளை உள்ள உருளை ஐஸ் ஆலையில் செய்தது, பயமில்லை.

கவலைப்பட வேண்டியவை மூன்று. முதலாவது வெறிநாய்க்கடி. 2008-லிருந்து பாலியில் உண்டு. நாயோ குரங்கோ கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவுங்கள், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். அன்றே ஊசி. முதல் நாள் இரண்டு, 7-ஆம் நாள் ஒன்று, 21-ஆம் நாள் ஒன்று என்பது அங்கே வழக்கமான முறை. ஊர் திரும்பிவிட்டால் மீதி ஊசியை இங்கே தொடர வேண்டும், அட்டையைத் தொலைக்காதீர்கள். ஆழமான கடிக்கு இம்யூனோகுளோபுலினும் வேண்டும், அது எல்லா கிளினிக்கிலும் இருப்பில் இருக்காது. உலுவாத்து கோயில் குரங்குகள் மூக்குக் கண்ணாடியைப் பறிக்கும். பிடுங்கப் போகாதீர்கள், கடி அங்கேதான் விழும். கண்ணாடி போனால் போகட்டும்.

இரண்டாவது டெங்கு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், இபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் கூடாது, ரத்தக்கசிவை அதிகப்படுத்தும்.

மூன்றாவது அராக். லேபிள் இல்லாத புட்டியில் வரும் உள்ளூர்ச் சாராயத்தில் மெத்தனால் கலந்து இறந்தவர்கள் உண்டு. மலிவான காக்டெயிலிலும் அதுதான் போகிறது. குடித்த மறுநாள் பார்வை மங்கினால் போதை இறங்கவில்லை என்று படுத்துக்கிடக்காமல் உடனே பெரிய மருத்துவமனை. டென்பசாரில் அரசு தலைமை மருத்துவமனை, முன்பு சங்லா என்றிருந்தது, இப்போது ஙுரா மருத்துவமனை. அவசர எண் 112.

போதைப்பொருள் பற்றி ஒரே வரி: கஞ்சா எண்ணெய் உள்பட எதுவும் வேண்டாம், கடத்தலுக்கு மரண தண்டனை வரை சட்டத்தில் இருக்கிறது.

60 நாளுக்கு மேல் தங்க என்ன வழி?

முதலில், 60 நாள் வரைக்குமான வருகை விசா நீட்டிப்பு. 2025 மே இறுதியிலிருந்து இணையத்தில் விண்ணப்பித்தாலும் குடிவரவு அலுவலகத்துக்கு நேரில் போய்ப் படமும் நேர்காணலும் கொடுக்க வேண்டும். இறங்கிய நாளே முதல் நாள் என்று எண்ணுங்கள். மாதக் கணக்கில் எண்ணி ஒரு நாள் தவறுகிறவர் நிறைய. கெடுவைத் தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் 10 லட்சம் ருபியா அபராதம், கெடு முடிந்தும் 60 நாளுக்கு மேல் இருந்தால் நாடு கடத்தலும் நுழைவுத் தடையும். முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். ஞெப்பியும் கலுங்கான் திருவிழாவும் வந்தால் அலுவலகம் நாள்கணக்கில் மூடிக்கிடக்கும்.

அடுத்தது 60 நாள் ஒற்றை நுழைவு விசா, உள்ளேயிருந்து நீட்டித்து 180 நாள் வரை தங்கலாம். வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கணினியில் வேலை பார்ப்பவருக்கு இ33ஜி என்ற ஓராண்டு அனுமதி உண்டு. ஆண்டு வருமானம் 60,000 டாலர் காட்ட வேண்டும், இந்தோனேசியாவுக்குள் யாரிடமும் காசு வாங்கக் கூடாது. எந்த விசாவாக இருந்தாலும் 12 மாதத்தில் 183 நாளைத் தாண்டினால் வரிக்குரிய குடியிருப்பாளர் ஆகிவிடுவீர்கள்.

சும்மா யோகா வகுப்பு எடுத்தால், கல்யாணப் படம் எடுத்தால்?

அதுவும் வேலைதான். காசு வாங்காவிட்டாலும், ‘தங்குமிடத்துக்குப் பதிலாக’ என்றாலும் வேலைதான். அதிகாரிகள் இன்ஸ்டாகிராம் பார்ப்பார்கள், பக்கத்து ஸ்டூடியோக்காரரும் புகார் தருவார். உள்ளூர்க்காரர் பிழைப்பில் கைவைப்பதுதான் அவர்களைக் கோபப்படுத்துகிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்த விதியின் கண்டிப்பும் புரியும்.

வாடகை வீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் மின்சார மீட்டர். பெரும்பாலும் ப்ரீபெய்டு. இந்தோமாரெத், அல்ஃபாமார்ட் கடையில் மீட்டர் எண்ணைச் சொல்லிப் பணம் கட்டினால் 20 இலக்க எண் அச்சிட்ட சீட்டு தருவார்கள். அதை மீட்டரின் பொத்தான்களில் தட்டி என்டர் அழுத்த வேண்டும். இருப்பு குறைந்ததும் மீட்டர் கீச் கீச்சென்று கத்தும், தெரு முழுக்கக் கேட்கும், நள்ளிரவிலும் கேட்கும். மீட்டர் எண்ணைப் படமெடுத்து போனில் வைத்திருங்கள்.

அடுத்து மீட்டரில் எழுதியிருக்கும் விஏ (வோல்ட்-ஆம்பியர்) அளவு, அதாவது வீடு ஒரே நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்பது. சின்ன வீட்டில் 1,300 இருக்கும். 230 வோல்ட்டில் அது ஆறு ஆம்பியருக்கும் கீழே. ஒரு பிகே (அங்கே குதிரைத்திறனுக்கு அந்தப் பெயர்) ஏசி ஓடும்போது கெட்டிலைப் போட்டால் டப்பென்று ட்ரிப் ஆகும். வீட்டுக்காரரைத் திட்டிப் பயனில்லை, கணக்கு அப்படி. இரண்டு ஏசி வேண்டுமென்றால் 2,200-க்குக் குறையாமல் பாருங்கள். யூனிட் 1,444.70 ருபியா, வரி போக ஒரு லட்சத்துக்கு 65 யூனிட் அளவில் வரும். இரவு எட்டு மணி நேரம் ஏசி ஓட்டினால் இரண்டு வாரம் தாங்குவதே பெரிது. நம் மூன்றுமுனை பிளக் அங்கே நுழையாது, உருண்டை இருமுனை சாக்கெட்.

குடிநீர் 19 லிட்டர் கேன், பெயர் காலோன். தண்ணீர் மோட்டாரில் ஏறுவதால் கரண்ட் போனால் குழாயும் போகும், தொட்டி மேலே இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் காலி நிலம் இருந்தால் அடுத்த வருஷம் அங்கே கட்டடம் எழும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சேவல் விடியலுக்கு முன்பே கூவும், அதற்கு மருந்தில்லை.

வெளிநாட்டவர் தங்குவதை வீட்டுக்காரர் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், செய்தாரா என்று கேளுங்கள். பஞ்சார் என்ற ஊர்ச்சபைக்கும் முகம் காட்டுவது நல்லது, மாதச் சந்தா கேட்டால் ரசீதோடு கொடுத்துவிடுங்கள். திருட்டு, விபத்து, சாலைத் தகராறு எதுவானாலும் போலீசுக்கு முன்னால் வந்து நிற்பது அவர்கள்தான்.

இடம் வாங்கலாமா?

முடியாது. ஹாக் மிலிக் எனும் முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். ‘என் பெயரில் வாங்கி உங்களுக்கு எழுதித் தருகிறேன்’ என்று ஒரு நல்ல மனிதர் வருவார். 1960 நிலச்சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி அந்த ஏற்பாடு செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. அவர் நல்லவராகவே இருந்தாலும் அவர் வாரிசுகள் எப்படியோ.

நடைமுறை வழி குத்தகை. 25, 30 ஆண்டு, முழுத்தொகையும் முன்பே. விலை ஆர் கணக்கில் சொல்வார்கள். ஒரு ஆர் 100 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஆண்டுக்கு ஆர் ஒன்றுக்கு இவ்வளவு என்பது பேச்சு. இரண்டு கோடி ருபியா என்றால் மூன்று ஆருக்கு 25 ஆண்டு: 2 × 3 × 25 = 150 கோடி ருபியா.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை: நிலச் சான்றிதழில் இருப்பவர்தான் குத்தகை தருகிறாரா, மனைவியும் மற்ற பங்காளிகளும் கையெழுத்திடுகிறார்களா, நிலம் கட்டடம் கட்டக் கூடாத பசுமை மண்டலத்தில் இல்லையா, கட்டட அனுமதி யார் பெயரில், வண்டி போகும் பாதை யாருடைய நிலத்தில். பாதைதான் பலர் விடுவது. முன்னால் இருப்பவர் வேலி போட்டால் வில்லாவுக்கு வயல் வரப்பில் நடந்துதான் போக வேண்டும். குத்தகை வருமானத்துக்கு உரிமையாளர் 10 சதவீத வரி கட்ட வேண்டும். பேரத்தில் அதை உங்கள் தலையில் கட்டுவார்கள், யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நீட்டிப்பு விலை ‘அன்றைய சந்தை விலை’ என்றிருந்தால் அது நீட்டிப்பு உரிமையே அல்ல. எப்படிக் கணக்கிடுவது என்ற சூத்திரம் எழுத்தில் இருக்க வேண்டும். நோட்டரியை நீங்களே தேர்ந்தெடுங்கள். விற்கிறவர் அழைத்து வரும் நோட்டரி விற்கிறவருடைய நோட்டரி.